மார்ல கட்டின்னா யார் மேல தப்பு?

எங்க ஊர்ப்பக்கம் ஒரு பொம்பளைக்கு மார்ல கட்டி, அது புற்றுநோய்தான்னு சேதி வந்துட்டா போதும். அன்னிக்குச் சாயங்காலமே டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துடும். பிராய்லர் கோழின்னு ஒருத்தர் சொல்வார். செல்போன் டவர்னு இன்னொருத்தர். "புள்ளைக்குப் பால் குடுக்காம பவுடரைக் கரைச்சு ஊத்துனா வராம என்ன பண்ணும்"னு ஒரு பெரியம்மா. "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது, எல்லாம் யூரியாவும் மருந்தும் பண்ற வேலை"ன்னு எங்க ஆளுங்க, அதாவது விவசாயிங்க. கடைசியா யாராவது குரலைத் தாழ்த்தி, "அவங்க அம்மாவும் இப்படித்தான் போனாங்களாம், பரம்பரையா வர்றதாட்டம் இருக்கு" என்பார்கள். அதோட பேச்சு நிற்கும். ஏன்னா அந்த வீட்டில் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கும்.

இந்தப் பதிவு அந்தக் கமிஷனைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லைங்க. ஆறு ஏக்கர்ல மஞ்சளும் கரும்பும் போட்டுக்கிட்டு, நாலு மாடு வச்சிருக்கிற ஆள். ஆனா கடந்த மூணு வருஷத்துல எங்க ஊரிலும் பக்கத்து ஊரிலுமா நாலு பேருக்கு இந்த நோய் வந்தது. அதில் ரெண்டு பேர் கட்டி இருப்பது தெரிஞ்சே மாசக்கணக்கில் மறைச்சு வச்சிருந்தாங்க. நோய்க்குப் பயந்ததைவிட ஊர் வாய்க்குப் பயந்ததுதான் அதிகம்னு அவங்க வீட்டு ஆளுங்களே சொன்னாங்க. அதனால எது நிஜமாகவே இந்த நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுது, எது சும்மா வாயில வந்ததுன்னு கொஞ்ச நாளா படிச்சும், தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தர்கிட்டே கேட்டும் வச்சிருக்கேன். மழைக்காலம் வேற, வயல்ல இறங்க முடியலை.

டீக்கடையில் யாருமே சொல்லாத ரெண்டு காரணம்தான் பட்டியல்ல முதலில் வருது. ஒண்ணு, பெண்ணாகப் பிறந்தது. இன்னொண்ணு, வயசாவது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி, மார்பகப் புற்றுநோய் வந்தவங்கள்ல ஏறத்தாழ பாதிப் பேருக்கு, பெண் என்பதும் 40 வயசைத் தாண்டியது என்பதும் தவிர வேற எந்தக் குறிப்பிட்ட காரணமும் கிடையாது. பாதிப் பேருங்க. அவங்க கோழி தின்னாங்களா, பால் குடுத்தாங்களான்னு நோண்டிப் பார்த்து ஒண்ணும் ஆகப் போறதில்லை. (ஆம்பளைக்கும் இது வரும். 100 நோயாளிகளில் ஒருத்தர், அல்லது அதுக்கும் குறைவு. எங்க சித்தப்பா ஒருத்தர் இதைக் கேட்டு சிரிச்சார். சிரிக்க ஒண்ணுமில்லை. ஆம்பளை மார்ல கட்டி வந்தாலும் போய்க் காட்டணும்.)

மிச்சம் பாதிப் பேருக்கு "காரணம்" இருக்கேன்னு கேட்கலாம். அங்கதான் நம்ம ஆளுங்க ஒரு விஷயத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. மஞ்சள் போடுறவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில, வடிகால் இல்லாத வயல்ல தண்ணி தேங்கினா கிழங்கு அழுகல் வர வாய்ப்பு அதிகம். ஆனா அதே வயல்ல, அதே பாரில் ஒரு செடி அழுகும், பக்கத்துச் செடி பச்சைப்பசேல்னு நிக்கும். நல்லா வடியுற மேட்டு வயல்லயும் நாலு செடி அழுகத்தான் செய்யும். தண்ணி தேங்கினதால இந்த வயல்ல அழுகல் கூடிப்போச்சுன்னு வயலைப் பார்த்துச் சொல்லலாம். இந்த ஒரு செடி எதனால அழுகுச்சுன்னு செடியைப் பிடுங்கி வச்சுக்கிட்டு யாராலும் சொல்ல முடியாது. ஆபத்துக் காரணின்னு டாக்டருங்க சொல்றதும் இதே மாதிரி வயலுக்கான கணக்கு. அதை எடுத்துட்டு வந்து ஒரு பொம்பளை தலையில் தீர்ப்பா எழுதுறது நம்ம வேலை.

இப்ப பால் குடுக்கிற விஷயத்தையே எடுத்துக்குவோம், ஏன்னா இதை வச்சுத்தான் பொம்பளைங்களை அதிகம் குத்துறாங்க. இதில் உண்மை இருக்கு. 2002-ல 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. ஒவ்வொரு 12 மாசம் பால் குடுத்ததுக்கும் இந்த நோய்க்கான வாய்ப்பு 4.3 சதவீதம் குறையுது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம் குறையுதுன்னு கணக்கு வந்தது. சதவீதம்னா எதில் சதவீதம்னு பார்க்கணும். 100 பேர்ல 4 பேருக்கு வரக்கூடியதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, அந்த 4 என்பது 3.8 ஆகும். ஒரு ஊருக்கு, ஒரு நாட்டுக்கு இது பெரிய விஷயம். ஆனா "நீ பால் குடுக்கலை, அதான் வந்துச்சு"ன்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா சொல்ல இது போதவே போதாது. ரெண்டு ரெண்டு வருஷம் பால் குடுத்த அம்மாக்களுக்கும் வந்திருக்கு. எங்க ஊர் நாலு பேர்லயே மூணு பேர் அப்படித்தான்.

இதுக்குப் பின்னால இருக்கிறது ஈஸ்ட்ரோஜன்கிற ஹார்மோன். வயசுக்கு வந்ததில் இருந்து மாதவிலக்கு நிக்கிற வரைக்கும் மாசாமாசம் அது மார்புத் திசுவைத் தூண்டிக்கிட்டே இருக்கும். சீக்கிரம் வயசுக்கு வந்து, லேட்டா நின்னா, அந்த வருஷங்கள் கூடும். பிள்ளை பெத்தா, அதுவும் சின்ன வயசுல முதல் பிள்ளை பெத்தா, பால் குடுத்தா வாய்ப்பு குறையும். இது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்லை. இத்தாலியில் ராமாஜினின்னு ஒரு மருத்துவர், தொழிலாளர் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினவர், மடத்துல இருக்கிற கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்று அதிகமா வருதுன்னு 300 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கார். ஹார்மோன்னா என்னன்னே உலகத்துக்குத் தெரியாத காலம் அது.

எங்க அம்மிச்சி 15 வயசுல பெரிய மனுஷி ஆகி, 17-ல முதல் பிள்ளை, மொத்தம் ஒன்பது. ஒவ்வொண்ணுக்கும் அடுத்தது வயித்துல வர்ற வரைக்கும் பால். இன்னிக்கு 11, 12 வயசுலயே சடங்கு வைக்கிறோம், 27-ல ஒண்ணு, 30-ல ஒண்ணு, அவ்வளவுதான். அதனால இந்த நோய் கூடிக்கிட்டு வருது என்பது கணக்குப்படி சரி. அதுக்காக அம்மிச்சி காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஒன்பதில் பொழச்சது அஞ்சு. அம்மிச்சியோட கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர் பிரசவத்துலயே போய்ச் சேர்ந்தாங்க. பொண்ணுங்க படிச்சு, லேட்டாக் கட்டிக்கிட்டு, ரெண்டு பெத்து நிறுத்துறது நல்ல விஷயம். அதுக்கு ஒரு சின்ன விலை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு சரியான நேரத்துல பரிசோதனைக்குப் போனாப் போதும்.

அப்புறம், பால் குடுக்காத அம்மாக்கள் எல்லாம் அழகு கெட்டுடும்னு குடுக்காம இருந்தவங்கன்னு பேசறாங்க பாருங்க, அதைக் கேட்டாத்தான் எனக்குக் கோபம் வரும். எங்க பக்கம் பாதிப் பேர் ஸ்பின்னிங் மில்லுக்கும் தறிக்கும் போறவங்க. பெரிய கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு 2017-ல சட்டம் வந்துச்சு. தினக்கூலிக்குக் களை எடுக்கப் போறவளுக்கு எந்தச் சட்டம்? பிள்ளை பிறந்த மூணாவது மாசம், பிள்ளையை மாமியார்கிட்ட விட்டுட்டு வண்டி ஏறுறா. மத்தியானம் மார் கட்டிக்கிட்டு வலிக்க, வரப்பு ஓரம் உட்கார்ந்து பாலைப் பீச்சி மண்ணுல விடுறா. அவளைப் பார்த்து பவுடர் பால் கதை பேசறதுக்கு நமக்கு வெட்கமா இருக்கணும். ஒரு மணி நேரம் முன்னாடி வீட்டுக்கு அனுப்பிட்டுக் கூலியைப் பிடிக்காம குடுக்கலாமே. நான் சொல்றது பண்ணையக்காரங்களுக்கு.

சரி, நம்ம சமாச்சாரத்துக்கு வர்றேன். மருந்து. பூச்சிக்கொல்லியைத்தான் சொல்றேன். இயற்கை விவசாயம் பண்ற நண்பர்கள் சிலருக்கு நான் எழுதப் போறது பிடிக்காது. மருந்துக்கடைக்காரங்களுக்கும் பிடிக்காது.

மருந்து அடிக்கிறதுதான் மார்பகப் புற்றுநோய்க்கு முதல் காரணம்னா, நகரத்தைவிட கிராமத்துல இது அதிகமா இருக்கணும். ஆனா நாட்டுல புற்றுநோய்ப் பதிவேடு வச்சிருக்கிற இடங்களில் நிலைமை தலைகீழ். மகாராஷ்டிராவில் பார்சின்னு ஒரு கிராமப்புறப் பகுதியில் 1987-ல இருந்து பதிவு பண்றாங்க. அங்க வர்றதைவிட டெல்லியிலும் சென்னையிலும் பல மடங்கு அதிகம். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல அம்பிளிக்கை ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்த பதிவிலும் சென்னையைவிடக் குறைவுதான். அந்த விஷம் காய்கறியோட நகரத்துக்கும் போகுதேன்னு கேட்கலாம். போகுதுதான். ஆனா முதுகுல டேங்க் கட்டிக்கிட்டு காத்துக்கு எதிரா அடிக்கிறவன் மேல படுறதுக்கும், கழுவின கத்தரிக்காயில ஒட்டியிருக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நமக்குத் தெரியாதா? நகரத்துல அதிகமா இருக்கிறதுக்குக் காரணம் மேல சொன்ன ஹார்மோன் கணக்கும், உடம்பு எடையும்தான் பெரும்பாலும்.

அதுக்காக மருந்து நல்லதுன்னு ஆயிடாது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினான்னு ரெண்டு மாநிலத்துல 1993-ல இருந்து விவசாயிகளையும் அவங்க மனைவிமாரையும் விடாம கவனிச்சுக்கிட்டு வர்றாங்க. மொத்தமாப் பார்த்தா அந்த மனைவிமாருக்கு மத்தப் பெண்களைவிட மார்பகப் புற்று அதிகம் இல்லை. ஆனா ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைத் தாங்களே கையாண்டவங்களை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தப்ப, அவங்களுக்கு ஓரளவு கூடுதலா இருந்துச்சு. நம்ம பக்கம் குளோர்பைரிபாஸ்னு வாங்குறோமே, முன்னாடி மோனோகுரோட்டோபாஸ்னு வாங்கிட்டு இருந்தோமே, அதெல்லாம் அந்த வகைதான்.

இன்னொண்ணு டிடிடி. மலேரியாவுக்காக வீடு வீடா சுவத்துல அடிச்சது வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம நாட்டுல விவசாயத்துக்கு 1989-ல தடை பண்ணிட்டாங்க. கலிபோர்னியாவில் 1960-கள்ல கர்ப்பிணிகள்கிட்ட எடுத்துப் பத்திரப்படுத்தின ரத்தத்தைப் பல வருஷம் கழிச்சுச் சோதிச்சாங்க. டிடிடி புழக்கத்துக்கு வந்தப்ப 14 வயசுக்குள்ள இருந்து, ரத்தத்துலயும் அது அதிகமா இருந்த பெண்களுக்கு, 50 வயசுக்குள்ள மார்பகப் புற்று வர்ற வாய்ப்பு அஞ்சு மடங்கு இருந்துச்சு. பெரியவங்களான பிறகு பட்டவங்களுக்கு அந்த மாதிரி கூடலை. மார்பு வளர்ற வயசுல உள்ள போறதுதான் வம்புன்னு இதை வச்சுச் சொல்றாங்க. ஒரே ஒரு ஆய்வுதான், ஆனா எனக்கு இது உறுத்துது. ஏன்னா நம்ம வீடுகள்ல மருந்தடிச்சுட்டு வந்து கழட்டிப் போடுற லுங்கியையும் பனியனையும் தோய்க்கிறது யாரு? பொண்டாட்டி. லீவு நாள்னா பொண்ணு. அதுவும் கையில, மத்தத் துணியோட சேர்த்து. மருந்து கலக்கின பக்கெட்டைக் கழுவி வைன்னு 12 வயசுப் பிள்ளையை ஏவுறதை நான் பார்த்திருக்கேன். மருந்தால புற்று வந்துச்சுன்னு டீக்கடையில பேசுறவர் வீட்டுலதான் இது நடக்குது. அவரவர் துணியை அவரவர் தனியா தோய்ச்சுக்கிறதுக்கு அரசாங்கம் வந்து திட்டம் போடணுமா?

மத்ததை வேகமா முடிச்சிடறேன். மாதவிலக்கு நின்ன பிறகு உடம்பு எடை கூடுறது இந்த நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும். அந்த வயசுல ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பில் இருந்துதான் உற்பத்தியாகுது. நாத்து நடறதுக்கும் மிஷின் வந்துடுச்சு, ரேஷன் அரிசி மூணு வேளையும் இருக்கு, எங்க ஊர் 50 வயசு அம்மாக்கள் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. மதுவும் கூட்டும், கொஞ்சமா குடிச்சாலும் கூட்டும். எங்க பக்கம் அது ஆம்பளைங்க சமாச்சாரமா இருக்கிற வரைக்கும் பொம்பளைங்களுக்கு அந்த ஒரு விஷயத்துல லாபம். மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் வருஷக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறது, சின்ன வயசுல நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தது, இதெல்லாமும் பட்டியல்ல உண்டு.

பட்டியல்ல இல்லாதது: பிரா போடுறது, பிராவுக்குள்ள செல்போன் வைக்கிறது, மாடு முட்டினது, பிள்ளை கடிச்சது. அடி பட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படும், அவ்வளவுதான். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கன்னு சொல்றவங்க பல்லடம் பக்கம் ஒரு பண்ணையில் போய் ஒரு நாள் நின்னு பார்க்கலாம். 5,000 குஞ்சுக்கு ஒண்ணொண்ணாப் பிடிச்சு யாருங்க ஊசி போடறது? இனமும் தீவனமும்தான் அப்படி வளர்க்குது. ஆன்டிபயாடிக் குடுக்கிறது பெரிய பிரச்சினை, ஆனா அது வேற பதிவு.

இப்ப பரம்பரை. இதில்தான் ஊர்ப் பேச்சு உயிரையே எடுக்குது.

அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தித்தான் எழுதறேன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, 47 வயசு. ஆடி மாசமே கட்டி தட்டுப்பட்டிருக்கு. மகளுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்துச்சு. தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல பின்வாங்கிடுவாங்கன்னு மூச்சே விடலை. கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு முடிஞ்சு, மாசியில்தான் புருஷன்கிட்டே சொல்லியிருக்கு. அதுக்குள்ள அக்குள்ல நெறி கட்டி, எலும்புக்கும் போயிடுச்சு. ரெண்டு வருஷம் இருந்தாங்க. மகளுக்கு இப்ப ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை வீடு தூரத்து ஊர். அங்க இன்னிக்கு வரைக்கும் அம்மாவுக்கு வயித்துல கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்காங்க.

அந்தப் பொண்ணு நாளைக்கு ஒரு டாக்டர்கிட்ட போனா, குடும்பத்துல யாருக்காவது மார்பகப் புற்று இருந்துச்சான்னு கேட்பாங்க. பக்கத்துல மாமியாரும் உட்கார்ந்திருப்பாங்க. இல்லைன்னுதான் சொல்லுவா.

இத்தனைக்கும் இதில் பயப்படுற அளவு விஷயம் இருக்கான்னு பாருங்க. அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற மரபணுக் கோளாறால நேரடியா வர்றது 100 பேர்ல 5-ல இருந்து 10 பேருக்குத்தான். மிச்சம் 90 பேருக்கு அப்படி இல்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தா நமக்கு வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கு ஆகும், ஆனாலும் பெரும்பாலானவங்களுக்கு வராமலே போகும். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2ன்னு ரெண்டு மரபணு இருக்கு. அதில் கோளாறோட பிறந்த பெண்களுக்கு மட்டும், 80 வயசுக்குள்ள 100-க்கு 70 பேருக்கு வருது. இது நம்ம குடும்பத்துல இருக்குமான்னு சந்தேகப்படச் சில அடையாளம் இருக்கு: 40, 45 வயசுக்குள்ள வந்தவங்க, ரெண்டு மார்லயும் வந்தவங்க, சினைப்பைப் புற்று வந்தவங்க, ஆம்பளைக்கு மார்பகப் புற்று வந்தது, ஒரே வழியில் மூணு நாலு பேருக்கு வந்தது. அப்படி இருந்தா ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்க்கலாம், சீக்கிரமே ஸ்கேன் பரிசோதனையை ஆரம்பிக்கலாம்.

ஒண்ணைக் கவனிங்க. இது அப்பா வழியிலும் வரும். நம்ம ஊர்ல பொண்ணு பார்க்கப் போறவங்க அம்மாவையும் அம்மிச்சியையும் மட்டும்தான் நோட்டம் விடுறாங்க. அப்பாவோட அக்கா தங்கச்சிக்கு, அப்பாவைப் பெத்த ஆத்தாவுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கிறதில்லை. பாதிக் கணக்குதான் பார்க்கிறோம், அதையும் சம்பந்தத்தை முறிக்கத்தான் பார்க்கிறோம். கூட்டுக்குடும்பத்துல சர்க்கரை வியாதி இருக்குன்னா "எங்க குடும்பமே சக்கரைங்க"ன்னு சிரிச்சுக்கிட்டுச் சொல்றோம். இதை மட்டும் ஏன் புதைக்கணும்?

மறைக்கிறதால என்ன ஆகுதுன்னு ஒரு கணக்கு. 2022-ல உலகம் முழுக்க 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதுசா வந்துச்சு, 6.7 லட்சம் பேர் இறந்தாங்க. அதே வருஷம் நம்ம நாட்டுல புதுசா வந்தது சுமார் 1.92 லட்சம், இறந்தது சுமார் 98,000. உலகத்துல நூத்துக்கு 29, நம்ம நாட்டுல நூத்துக்கு 51. நோய் நமக்குக் குறைவாத்தான் வருது, சாவு மட்டும் அதிகம். லேட்டாப் போறதுதான் அதுக்குப் பெரிய காரணம். மார்பைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிச்சவங்கள்ல அமெரிக்கக் கணக்குப்படி அஞ்சு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட எல்லாருமே உயிரோட இருக்காங்க. வேற உறுப்புக்குப் போன பிறகு வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர்.

மாடு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. காலையில பால் கறக்க உட்காரும்போது ஒரு காம்பு கொஞ்சம் கெட்டியா இருந்தாலே கைக்குத் தெரியும். பால் லேசாத் திரிஞ்சு வந்தா, அன்னிக்கே மாட்டு டாக்டருக்கு போன் போகும். மடி நோய் முத்துனா காம்பு செத்துடும், மாடு பாதி விலைக்குப் போயிடும்னு தெரியும். 60,000 ரூபாய் மாட்டுக்கு இருக்கிற இந்த அவசரம் வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஏன் இல்லை? "வலிக்கலையே, பார்த்துக்கலாம்"னு விடுறாங்க. ஆரம்பத்துல இது பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத கட்டியைத்தான் முதல்ல காட்டணும். காம்பு உள்ள இழுத்துக்கிறது, ரத்தமோ நீரோ கசியுறது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா ஆகிறது, ஆறாத புண், அக்குள்ல கட்டி, இதெல்லாமும்தான். காட்டினா பத்தில் எட்டு ஒன்பது கட்டி சாதாரணக் கட்டின்னு அனுப்பிடுவாங்க. ஊசி போட்டுச் சதை எடுத்தா பரவிடும், கத்தி வச்சா பரவிடும்னு சொல்றது சுத்தப் பொய். லேட்டா வந்தவங்களுக்கு ஏற்கெனவே பரவியிருக்கும், பழி ஊசி மேல விழும்.

இதுக்குப் பெரிய மிஷின் வேணும்னுகூட இல்லை. மும்பையில் 1998-ல இருந்து ஒன்றரை லட்சம் பெண்களை வச்சு ஒரு ஆய்வு நடத்தினாங்க. பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால தொட்டுப் பரிசோதிச்சாங்க, அவ்வளவுதான். 20 வருஷம் கழிச்சுப் பார்த்தா, 50 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல இந்த நோயால இறந்தவங்க கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. அதுக்குக் கீழ உள்ளவங்கள்ல சாவு குறையலை, ஆனா நோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்க முடிஞ்சது. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே 30 வயசு தாண்டின பெண்களுக்கு நர்ஸம்மா இந்தப் பரிசோதனை பண்றாங்க, காசு கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம்னு பிரஷர் மாத்திரை குடுக்க வீட்டுக்கே வர்ற பெண்கிட்ட கேட்டாலும் எப்ப வரணும்னு சொல்லுவாங்க. கூட்டிட்டுப் போக வண்டி ஓட்ட ஆள் வேணும், ஒரு நாள் கூலி போகும். தடை அதுதான். அதை ஆம்பளைங்கதான் எடுத்துப் போடணும்.

நானும் எங்க வீட்டம்மாவும் போன வாரம் ஒரு நோட்டுல ரெண்டு பக்கத்துச் சொந்தத்தையும் எழுத உட்கார்ந்தோம். யாரு, என்ன நோய், எத்தனை வயசுல. எங்களுக்கு ஒரு மகள் இருக்கா, காலேஜ்ல படிக்கிறா, அவளுக்காக. எங்க ஆத்தா, அப்பாவைப் பெத்தவங்க, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே சீக்குல போயிட்டாங்கன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். தாராபுரத்துல இருக்கிற அத்தைக்கு போன் போட்டேன். அவங்களுக்கு 78 வயசு. என்ன சீக்குன்னு கேட்டதும் ரொம்ப நேரம் பேச்சே இல்லை, லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன்.

"மார்ல புண்ணு கண்ணு. பச்சிலையை அரைச்சு வச்சுக் கட்டிக்கிட்டே ஒரு வருஷம் கிடந்தாங்க. எனக்கு அப்பக் கல்யாணம் ஆகலை. வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பாரு எங்கிட்டயும் உங்கப்பன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு"ன்னாங்க.

வயசு எத்தனை இருக்கும் அத்தைன்னு கேட்டேன். அம்பது, அம்பத்திரண்டுன்னாங்க. நோட்டுல எழுதிட்டு, மகளுக்கு போன் போட்டேன்.